பிரேக் மிதிக்க ஆள்

காக்ஸ் டவுனில் எதிர்வீட்டுக்காரரிடமும் என்னிடமும் ஒரே மாதிரி பழைய ஃபியட் கார். அவருடையதுதான் பளபளக்கும். அதுவே எனக்கு எரிச்சல். ஒல்லியான மனிதர், பக்கத்தில் போனாலே பிரேக் ஆயில் வாடை அடிக்கும்.

ஒரு ஞாயிறு காலை பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து, தேய்ந்த ரப்பர்களை மாற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது குறை அகப்படுமா என்று பார்க்கப் போனேன். அகப்படவில்லை. குழாயில் புகுந்த காற்றை எடுப்பது மட்டும் பாக்கி. அதற்கு ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். அவர் வீட்டுக்குள் போய்க் கைகழுவி, தலைவாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"மறுபடி வண்டிக்கு அடியிலதானே சார் படுக்கப் போறீங்க? இந்தச் சட்டை எதுக்கு?"

"எங்க வீட்டம்மா வந்து உக்காரப் போறாங்களே. அந்தக் கோலத்துலயா நிக்கறது?"

அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "மிதிம்மா... அப்படியே புடிச்சுக்கோ... ம், விடு." அவர் சிரித்துக்கொண்டே மிதித்தார்.

என் காருக்கு இதே வேலை நடந்தபோது, மிதிப்பதற்குப் பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேனைக் கூப்பிட்டிருந்தேன்.

பொறாமையோடு வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் ஜன்னலில் என் மனைவி நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.