பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒரே நாளில், ஒரே பந்தலில் கல்யாணம். அவள் அண்ணனுக்கு நான், என் அண்ணனுக்கு அவள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஒரே மேளம், ஒரே சமையல், செலவு மிச்சம் என்று கேலி பேசுவார்கள். பெரியவர்களின் நினைப்பு வேறு. நம் பிள்ளை அவர்கள் வீட்டில், அவர்கள் பிள்ளை நம் வீட்டில். யார் யாரைக் கண்கலங்க வைக்க முடியும்? கேட்க எனக்கும் அழகாகத்தான் இருந்தது. நானும் அவளும் ஒருவரையொருவர் மதினி என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

நான் வில்லாபுரத்துக்கு வந்தேன், அவள் சோழவந்தானுக்குப் போனாள். என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாதவர். காலைக் காபி அவர்தான் போடுவார். அந்த வீட்டில் நாள் போவதே தெரியவில்லை. கண்ணை மூடினால் மட்டும் எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் வந்துவிடும். அகத்தி மரங்களில் கொடி ஏறிக் கிடக்க, உள்ளே வெயில்கூடப் பச்சையாகத்தான் இறங்கும். வாய்க்காலில் கால் நனைத்து நின்றால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. தண்ணீருக்கு அடியில் நிற்பது மாதிரி இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்குள்தான் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஒரு பங்குனி மாதம், வலது கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கினாள். கொடிக்காலில் ஏணி சரிந்துவிட்டது என்றாள். அவளைப் பெற்றவளான என் அத்தை, அந்த ஏணியைத் திட்டிக்கொண்டே ரசம் வைத்தாள். மத்தியானம் என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள் மதினி. ஃபேன் காற்றில் ஜன்னல் திரை ஏறி ஏறி இறங்கியது. நானும் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். சமையல்கட்டில் அத்தையின் கைதவறி ஒரு சொம்பு விழுந்தது. மதினி கண்ணைத் திறக்கவில்லை. மாவுக்கட்டுக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். தூக்கம் கலையாமலே அந்தக் கை அப்படியே நின்றது.

ஏணியிலிருந்து விழுந்தவள் தூக்கத்தில் அப்படிச் செய்ய மாட்டாள். எழுந்ததும் கேட்டேன். இடது கையால் தலைமுடியைக் கோதிக்கொண்டே சொன்னாள்.

"யார்ட்டயும் சொல்லிறாதீங்க மதினி. நான் இங்க வந்து உக்காந்துட்டா, ஒங்கள அங்க அனுப்பிருவாங்க."

என் நிம்மதி கலையக் கூடாது என்று அவள் அங்கே அடி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. குழம்பு ஆறியிருந்தால் போதும், அவள் போனில் அத்தையோடு இரண்டு வார்த்தை கூடப் பேசினால் போதும். என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அண்ணன்.

நான் சொல்லத்தான் செய்தேன். மாமாவும் பங்காளிகளும் ஹாலில் கூடினார்கள். உடைந்த கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முறையைப் பற்றித்தான் பேசினார்கள். அவர்கள் பெண் இங்கே தங்கினால், நான் பிறந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி இருந்தார். அதுவரை நான் ரசித்த அவருடைய அமைதி மீது அன்றைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மதினி தன் பையை எடுக்க எழுந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"நான் போறேன். மதினி இங்கனயே இருக்கட்டும்."

காளவாசலில் பஸ் மாறினேன். ஊரைத் தாண்டியதும் வயல்கள் கானலில் மிதந்தன. வைகைப் பாலத்தில் காற்று முகத்தில் மோதியபோது, சின்னப் பிள்ளையாய் லீவுக்குப் போகிறேன் என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

அண்ணன் கொடிக்காலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். எப்போது திரும்புகிறாய் என்று கேட்டான். மதினி தன் வாயால் வாரேன் என்று சொல்லும்போது என்றேன். சோற்றுத் தட்டை ஒரே தள்ளாகத் தள்ளினான். சுவரில் குழம்பு வழிந்தது. அம்மா நிமிரக்கூட இல்லை. பழகிய கையால் சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டே, அடிக்கிற கைதான் அணைக்கும் என்று என்னிடம் சொன்னாள். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சைக்கிள்காரன் இல்லை. அந்த வீட்டில் முதன்முதலாக எனக்குப் பயமாக இருந்தது.

உள்ரூமுக்குள் போனேன். போன் அடித்தது. மதினிதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், அண்ணன் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன். அவள் குரல் இறங்கியது.

"அந்த ரூம் கதவுல மேல்தாழ்ப்பா நிக்காது மதினி. கீழ போட்டுட்டு, நெல்லு மூட்டையயும் இழுத்து வச்சுக்கங்க."

நான் பிறந்த அறை அது. கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மூட்டையைப் பிடித்து இழுத்தேன். சிமெண்டுத் தரையில், அது இழுபட்ட தடம் ஏற்கெனவே கதவு வரைக்கும் இருந்தது.