முனியம்மா கடையின் நீலப் படுதா

நான் மீன் வாங்கும் கானத்தூர் முனியம்மாவுக்குத் தாம்பரம் சந்தையில் கடை. அவர் கணவர் தசரதன் விடியலில், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றில் கட்டுமரத்துப் பாயை விரித்துப் புறப்படுவார். நண்பகலில் எழும் கடற்காற்றில் திரும்புவார். அக்காற்று தாம்பரத்தை அடைய மேலும் ஒரு மணி நேரமாகும். கடையின் நீலப் படுதா மேற்கே புடைத்தால், கணவர் கரையை நெருங்கிவிட்டார் என்பது அவர் கணக்கு.

2003 ஜூனில் ஒரு நாள் நான் அவர் கடையில் மீனுக்குக் காத்திருந்தேன்; மணி நான்காகியும் படுதா கிழக்கேயே புடைத்திருந்தது. முனியம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“இன்னாக்கா, மீன வெட்டாம படுதாவப் பாத்துகினு கீற? சினிமா எதுனா ஓடுதா?” என்றார் பூக்கடை கீதா.

“காத்து திரும்பல கீதா. மேக்காத்து எங்கூட்டுக்காரர நடுக்கடலுக்குத் தள்ளிகினு போவும்.”

ஐந்து மணிக்குப் படுதா தளர்ந்து, மேற்கே புடைத்தது. முனியம்மா கத்தியை எடுத்தார்.

“கட்டுமரம் கரையாண்ட வந்துருக்கும் சார். சங்கரா கொழம்புக்கா, வறுக்கவா?”