பாம்புச்செவிக்காரரின் ஆறு இன்ஜெக்டர்கள்

எங்கள் லாரியின் ஆர்பிஎம் முள் நான் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டது. இன்ஜின் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று காட்ட வேண்டிய வட்டம் அது. அப்பா அதன் விளிம்பில் தன் சீப்பைச் செருகி வைத்திருந்தார். யாராவது கேட்டால், "முள்ளப் பாத்துப் பாத்து மீன் திங்கலாம், வண்டி ஓட்ட முடியாது" என்பார்.

லாரிக்காரர்கள் மத்தியில் அவர் பெயர் பாம்புச்செவி. சும்மா வைத்த பெயர் இல்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு, "நாலாவது நாசில் ஒழுகுது, அவன்கிட்ட சொல்லணும்" என்பார். சொன்னால் அப்படியே இருக்கும். சுமை ஏற்றுகிறவராகத் தொடங்கி, வண்டி கழுவி, டயர் கழற்றி, பிறகு ஸ்டியரிங் பிடித்து, யாரோ ஓட்டித் தேய்த்துப் போட்ட இந்த லாரியைச் சொந்தமாக வாங்கியவர். படிப்பில் என்னைவிட ஒரு வகுப்புக் குறைவு. நானும் கணக்குப் பாடமும் ஒத்துவராமல் பத்தாவதில் பிரிந்துவிட்டோம் என்பதால், அந்த ஒரு வகுப்பைப் பற்றி நான் பெரிதாகப் பீற்றிக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவர் வாயில் போன வருடத்திலிருந்து ஒரே புகார்.

"வண்டி செத்துப்போச்சு. பிக்கப்பே இல்ல. ஏத்தத்துல முனகுது. குரலே எழும்ப மாட்டேங்குது."

டீசல் வேறு தண்ணீராகச் செலவாயிற்று. ஏற்றத்தில் பின்னால் கரும்புகை. இழுவை இல்லை, புகை உண்டு, டீசலும் குடிக்கிறது என்றால் எந்த லாரிக்காரரும் முதலில் இன்ஜெக்டர் மேல்தான் கை வைப்பார். டீசலைப் பனிபோலத் தூவ வேண்டியது அதன் வேலை. தூவாமல் சொட்டினால், எரிய வேண்டியது புகையாகிவிடும்.

அப்பா சந்தேகத்தோடு நிற்கவில்லை. எங்கோ பெட்ரோல் பங்க்கில் ஒரு டிரைவர், பெரிய இன்ஜினின் இன்ஜெக்டரைத் தன் வண்டியில் மாட்டியதிலிருந்து ஏற்றத்தில் பறப்பதாக அளந்துவிட்டிருந்தான். அடுத்த வாரமே ஆறு பெரிய இன்ஜெக்டர்கள், எண்ணெய்க் காகிதம் சுற்றிக்கொண்டு, ஒரு பிஸ்கட் டின்னில் வந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டன.

அவற்றை மாட்ட வேண்டியவள் சித்தி. அம்மாவின் தங்கை. டீசல் பம்பு, இன்ஜெக்டரின் நுனியான நாசில், இந்த வேலைகளுக்கென்றே சொந்தப் பட்டறை வைத்திருக்கிறாள். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் சித்தி வந்திருப்பது டீசல் வாடையால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும்.

"மாமா, வாயப் பெருசாக்கிட்டாப் போதுமா? செரிக்க வயிறு வேணாமா?" என்றாள் சித்தி, டின்னைத் திறந்து பார்த்துவிட்டு. "டீசல் கூடுனா காத்தும் கூடணும். உங்க இன்ஜின் இழுக்கிற காத்து அதே காத்துதான். மிச்சம் புகையாப் போகும், சூடு ஏறும், ஒருநாள் பிஸ்டன் உருகி நடுரோட்டுல உக்காந்துடும்."

"அப்ப காத்த அமுக்கி உள்ள தள்ளுற டர்போவும் சேத்து மாட்டிடு."

"கெழவனுக்குப் புது இதயத்த வச்சு ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புற கதை. கியர்பாக்ஸ் தாங்குமா? முதல்ல இருக்கிறது கெட்டுப்போச்சான்னு பாப்போம். கழட்டி டெஸ்டர்ல வைக்காம எதையும் குறை சொல்லக் கூடாது. கெடாதத மாத்துறதுக்குப் பேரு அப்கிரேடு இல்ல, திமிரு."

"திமிரு இருந்தாத்தாம்மா ஏத்தம் ஏறும்."

எனக்குத் தெரிந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

இதை நான் கண்டுபிடித்தது குறும்பு செய்துதான். பற்களுக்கு நடுவே காற்றை "ஸ்ஸ்ஸ்" என்று மெல்ல விடுவது என் கைவசம் உள்ள பழைய வித்தை. அச்சு அசலாக டயரில் காற்று இறங்கும் சத்தம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் பாய்வார். டயர் டயராகத் தட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து என் காதைத் திருகுவார். எத்தனை முறை ஏமாந்தாலும் அடுத்த முறையும் எழுந்து ஓடுவார். டயர் விஷயத்தில் அவர் யாரையும், என்னையும்கூட, சந்தேகிப்பதில்லை. ஒருநாள் விட்டேன், அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். சத்தத்தைக் கூட்டினேன். "கொஞ்சம் உப்பு குடு" என்றார் அம்மாவிடம். நிஜப் பாம்பே வந்துவிட்டதோ என்று அம்மா காலைத் தூக்கிக்கொள்ளும் அளவுக்கு விட்டேன். அப்பா நிதானமாக உப்பைத் தூவிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வித்தையை அன்றோடு மூட்டைகட்டி வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை, இடம் மாறி உட்கார்ந்தாள். வண்டி ஓட்டும்போது ஜன்னல் பக்கம் இருக்கும் காதுதான் அதிக மந்தம். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அம்மா இப்போது மறுபக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். சொன்னால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். காது கேட்காத டிரைவர் என்று ஒரு பேச்சு லோடு ஆபீசில் விழுந்தால் போதும், பிறகு யார் சரக்கை நம்பிக் கொடுப்பார்கள்? உரிமம் புதுப்பிக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மனுஷனிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கினால் இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியாது. ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தோம். காது நோய் தனி, வண்டி நோய் தனி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பட்டறையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டாள் சித்தி. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவாள். நல்ல இன்ஜெக்டர் என்றால் டீசல் நின்றதும் இன்ஜின் தடுமாறும். தடுமாறாவிட்டால் அந்த இன்ஜெக்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அப்பா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இந்தச் சோதனையில் அவர் தப்பாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மூன்றாவது நட்டைத் தளர்த்தியபோது இன்ஜின் விக்கல் எடுத்தவன்போலக் குலுங்கியது. என் காலடித் தரையே அதிர்ந்தது.

"இதான்" என்றார் அப்பா. "மூணாவது. சத்தம் மாறவே இல்ல பாரு."

சித்தியின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நட்டு சரியா லூசாகல போல மாமா" என்றாள். "எதுக்கும் ஆறையும் கழட்டிடுறேன்."

ஆறையும் கழற்றி, ஒவ்வொன்றாக டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினாள். மூன்றாவது, பன்னீர்ச் செம்புபோல அழகாகத் தூவியது. ஐந்தாவதுதான் கொஞ்சம் ஒழுகியது, ஜலதோஷம் பிடித்த மூக்குபோல. அதற்குப் புது நாசில் போட்டு, ஆறும் ஒரே அழுத்தத்தில் திறக்கும்படி சரிசெய்து, காற்று வடிகட்டியை மாற்றி, டீசலில் வரும் தண்ணீரைப் பிரிக்க ஒரு வடிகட்டியும் கூடுதலாக மாட்டினாள். "உங்க வண்டிக்கு அப்கிரேடுன்னா இதுதான். பாக்க நல்லா இருக்காது, ஆனா உழைக்கும்."

புகை குறைந்தது. ஆனால் டீசல் செலவு குறையவில்லை. அப்பாவின் புகாரும் குறையவில்லை.

"இன்னும் முனகுது. நீ அந்த டின்ன எடு."

"லோடோட ஒரு தடவ நான் வந்து பாத்துடுறேன்" என்றாள் சித்தி.

தரை ஓடு ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள ஏற்றத்துக்குப் போனோம். நடுவில் சித்தி, கதவோரம் நான். மூன்றாவது கியரில் ஏறத் தொடங்கினார் அப்பா. இன்ஜின் சத்தம் எழும்பியது. கியர் மாற்றுவார் என்று பார்த்தேன். மாற்றவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார். வண்டி குழாயடிச் சண்டைபோல அலறியது. கண்ணாடி நடுங்கியது, சீப்பு துள்ளித் துள்ளிக் கடைசியில் என் மடியில் விழுந்தது.

"கேக்குதா?" என்று கத்தினார் அப்பா, அந்த அலறலுக்கு நடுவில். "எப்படி முனகுது பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்கக் காதால் கியர் மாற்றியவர். அவருக்கு வேண்டிய குரல் காதில் எட்டும்வரை மிதிக்கிறார். அந்தக் குரல் எட்டுவதற்குள் இன்ஜின் தொண்டை கிழியக் கத்திவிடுகிறது. டீசல் போன வழி அதுதான். ஆறு இன்ஜெக்டரையும் கழற்றிப் பார்த்த நாங்கள் ஏழாவதாக அப்பாவின் காது ஒன்று இருப்பதை மறந்துவிட்டோம்.

சித்திக்கும் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் என் மடியில் கிடந்த சீப்பை எடுத்து, செத்த முள்ளின் விளிம்பில் திரும்பச் செருகினாள்.

"சரி மாமா. பெரிய இன்ஜெக்டரையே மாட்டித் தரேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்த முள்ளுக்கு உயிர் குடுக்கணும். பெருச மாட்டுனா முள்ளு பச்சைக் கோட்டத் தாண்டக் கூடாது, தாண்டுனா பிஸ்டன் காலி. கொஞ்ச நாள் முள்ளப் பாத்து ஓட்டிப் பழகுங்க. அப்புறம் மாட்டுறேன்."

"முள்ளா? நானா?"

"டின்னு வேணுமா வேணாமா?"

பழைய மீட்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாள். கடையில் கிடைத்ததில் பச்சைக் கோடு இல்லை. எந்தப் பெண்ணும் வாங்காத பச்சை நகப்பூச்சு ஒன்று என்னிடம் இருந்தது. சித்தி காட்டிய இடத்தில் நான் வரைந்தேன்.

அடுத்த லோடுக்கு அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டார். "நீ முள்ளப் படி, வாலு. நான் ஓட்டுறேன்." அதே ஏற்றம்.

"பச்சையத் தாண்டிடுச்சுப்பா."

"மீட்டர் பொய் சொல்லுது. இப்பத்தான் முனகவே ஆரம்பிக்குது."

"சித்தி திட்டும்."

வேண்டா வெறுப்பாகக் கியர் மாற்றினார். முள் இறங்கிப் பச்சையில் உட்கார்ந்தது. வண்டி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏறியது. பின்னால் புகையே இல்லை. உச்சிக்குப் போனதும் அப்பா வேகத்தைக் குறைத்தார். ஓரமாக நிறுத்தி, ஒரு கையைக் கியர் கம்பியில் வைத்து, நின்ற இடத்திலேயே மிதித்தார். முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையைத் திருப்பி மறு காதைக் கொடுத்தார். கம்பி அவர் கையோடு சேர்ந்து உதறியது. பிறகு இன்ஜினை அணைத்தார்.

"இப்ப அலறுச்சா?"

"அலறுச்சுப்பா."

"எனக்கு முனகுச்சு."

எங்களைத் தாண்டி இரண்டு மூன்று வண்டிகள் போயின. அவர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உனக்கு எப்பருந்து தெரியும்?"

"டயர்ல காத்து எறங்குனப்பருந்து."

அவர் என் பக்கம் திரும்பினார். "அதான் நிறுத்திட்டியா. நான் உனக்குப் புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் வராதுப்பா."

"உங்கம்மாவுக்கு?"

"அம்மா எந்தப் பக்கம் உக்காறாங்கன்னு பாத்ததே இல்லையா நீங்க?"

அவர் ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் தடவினார், கழற்றிக்கொண்டு போக யாரோ வந்திருப்பதுபோல. அன்று திரும்பும் வழியெல்லாம் முள் பச்சையைத் தாண்டவில்லை.

பட்டறைக்குப் பிஸ்கட் டின்னைக் கொண்டுபோய் வைத்தார். "இதத் திருப்பிக் குடுத்துடு. கழட்டி டெஸ்டர்ல வைக்காம குறை சொல்லக் கூடாதுன்ன இல்ல?" என்றார் சித்தியிடம். "என்னை வைக்கிற டெஸ்டர் எங்க இருக்கு?"

சித்தி திரும்பி நின்று நெடுநேரம் கை துடைத்தாள்.

காது டாக்டரிடம் நானும் போனேன். கண்ணாடி அறைக்குள் அப்பாவை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பட்டறையில் நின்றதுபோலவே கண்ணை மூடிக்கொண்டார். வெளியே இருந்த திரையில் சத்தம் போவது எனக்குத் தெரிந்தது. பல சத்தங்கள் போயின, அவர் கட்டைவிரல் அசையவில்லை. சில நேரம் ஒன்றுமே போகாதபோது அழுத்தினார். அப்போதெல்லாம் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

ஜன்னல் பக்கக் காது பாதிக்கு மேல் போய்விட்டது, மற்றது பரவாயில்லை, காதுக்குக் கருவி வைத்தால் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

"ரெண்டும் ஒரே பிரஷர்ல திறக்குற மாதிரி செட் பண்ண முடியுமா சார்?" என்று கேட்டார் அப்பா. டாக்டர் விழித்தார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

உரிமம் புதுப்பிக்கக் கருவியோடு போய் நின்றார். கருவியோடு மட்டுமே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். லோடு ஆபீசில் பேச்சு விழத்தான் செய்தது. முதல் நாளே ஒருவர், "என்ன பாம்புச்செவி, காதுல என்னமோ மாட்டியிருக்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"டர்போ" என்றார் அப்பா. "மெதுவாப் பேசு. நல்லாக் கேக்குது."

இரண்டு பேர் அவரைத் தவிர்த்தார்கள். மற்றவர்கள் சரக்குக் கொடுத்தார்கள். சீப்பு இப்போது சட்டைப் பையில் இருக்கிறது.

ஒருநாள் சாப்பிடும்போது பார்த்தேன். அம்மா பழைய இடத்துக்கே திரும்பியிருந்தாள், ஜன்னல் பக்கக் காதின் பக்கம். ஏதோ வீட்டுச் சாமான் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், அவரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, பற்களுக்கு நடுவே, முன்பு விட்ட அளவுக்கே மெதுவாக விட்டேன்.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசலில் டயர் டயராகத் தட்டும் சத்தம் கேட்டது. எல்லா டயரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் என் காதைத் திருக வந்தார்.