பதினைந்து கிராம்

பால் பாக்கெட்டைக்கூட நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். "நீ டீச்சரானது தப்பு, போலீஸ்ல சேந்திருக்கணும்" என்பார் என் கணவர். சிதம்பரத்திலிருந்து தினமும் கடலூருக்குப் போய் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன்.

அன்று திட, திரவ, வாயு நிலைகள் பாடம். பனிக்கட்டி உருகித் தண்ணீரானாலும் எடை மாறாது என்றேன். "எப்படி நம்பறது மிஸ்?" என்றான் ஒருவன். நம்பாத பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். செய்தே பார்த்துவிடலாம் என்றேன்.

வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கிறவர். மறுநாள் காலை அவள் அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய எலக்ட்ரானிக் தராசையும் ஒரு பை ஐஸையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அன்று வகுப்பிலேயே பெரிய ஆள் அவள்தான்.

என் எவர்சில்வர் டப்பாவில் ஐஸை நிரப்பி மூடினேன். எவனாவது விளையாடிவிடப் போகிறானே என்று மூடியைச் சுற்றி டேப்பும் ஒட்டினேன். அறுநூற்று இருபது கிராம். டப்பா தராசின் மேலேயே இருந்தது, அடுத்த பீரியடும் சேர்த்து நான் மேசையை விட்டு நகரவில்லை. உள்ளே ஐஸ் சரியும் சத்தம் அடங்கி எல்லாம் தண்ணீரானபோது, தராசு அறுநூற்று முப்பத்தைந்து காட்டியது.

"மீன் தராசு மிஸ்! ஜாஸ்தியாத்தான் காட்டும்" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கணக்கு வாத்தியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நானே அந்தம்மாகிட்ட வஞ்சிரம் வாங்கியிருக்கேன் மேடம். வீட்டுக்குப் போய் நிறுத்தா கொறையுது" என்றார்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "எங்கம்மா தராசு கரெக்டா இருக்கும் சார். கவர்மெண்ட் முத்திரகூட போட்டிருக்காங்க, வேணும்னா பாருங்க."

ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான், மறைப்பானேன். ஆனால் பயமாகவும் இருந்தது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் மீன் வாங்குவது அவள் அம்மாவிடம்தான். சாயங்காலத்துக்குள் 'கள்ளத் தராசு' என்ற பேச்சு தெருவுக்குப் போய்விட்டால் அந்த அம்மா அப்புறம் கடை போட்ட மாதிரிதான்.

தராசைச் சந்தேகப்பட்டது போதாதென்று, கூட்டத்தில் எவனோ டேப்பைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றியிருப்பான் என்று தோன்றியது. சோதிக்க டப்பாவைத் தூக்கினேன். டேப் ஒட்டியபடியே இருந்தது. என் கைதான் நனைந்து சொட்டியது. டப்பா முழுக்க வெளிப்புறம் வியர்த்திருந்தது, தராசுத் தட்டிலும் தண்ணீர் நின்றது.

துப்பட்டாவாலேயே டப்பாவைத் துடைத்தேன், தட்டைத் துடைத்தேன். மறுபடி வைத்தேன். அறுநூற்று இருபது.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். காற்றில் வாயுவாக இருந்த நீராவிதான் குளிர்ந்த டப்பாவின் மேல் நீராகப் படிந்தது, உள்ளே இருந்ததன் எடை மாறவேயில்லை என்று உற்சாகமாக விளக்கினேன். அந்தப் பதினைந்து கிராமைத் தராசு சரியாகவே காட்டியது என்றும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். கணக்கு வாத்தியார் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் தராசை எடுக்க வந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அதான் கரெக்டுன்னு ஆயிடுச்சேம்மா, இன்னும் ஏன் உம்முன்னு இருக்க?" என்றேன்.

"தராசு எங்களுது, டப்பா உங்களுது" என்றாள். "அதான மிஸ், மொதல்ல எல்லாரும் தராச சொன்னாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் தராசைப் பையில் வைத்துக்கொண்டு, அம்மா கடை போடும் நேரமாகிவிட்டது, கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.