தானாக வந்தவன்

"முஷ்டிய இறுக்கி மடக்குங்க. அப்படித்தான். பார்க்கப் பிடிக்கலன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்று சொல்லிக்கொண்டே பெருவிரலால் நரம்பைத் தேடுவாள். கிடைத்ததும் அவள் உதடுகள் அசைய ஆரம்பிக்கும். ஊசி உள்ளே போகிற அந்த இரண்டு நொடிக்குள் கடல்நாட்டு இளவரசி யாரிடமோ ஒரு வாக்கியம் பேசி முடித்திருப்பாள். கை நீட்டியவர்கள், நமக்காக ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டுவிட்டே போயிருக்கிறார்.

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் ரத்தம் எடுக்கிறாள். அடுத்த மேஜையில் நான் ரிப்போர்ட் கொடுக்கிறேன். பதினொரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களுக்கு இருக்கும் கோபம் வேறு யாருக்கும் இருக்காது. அந்தக் கோபத்தையெல்லாம் முதலில் வாங்குவது அவள்தான். ஒரு கையில் ஒரு முறைதான் குத்துவாள். நரம்பு நழுவினால், "என்மேல கோபம் அதுக்கு" என்று எழுந்து வேறொருவரைக் கூப்பிடுவாள். சிவப்புப் புடவை கட்டமாட்டாள். கேட்டால், "காலையிலேர்ந்து அதையே பார்த்துட்டிருக்கேன், போதாதா" என்பாள். டியூபில் ஒட்டும் லேபிள் தாள்களின் பின்பக்கத்தை வீணாக்கமாட்டாள். அங்கேதான் ஒரு ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. நாற்பது வயதில் அவளுடைய வெள்ளைக் கோட்டின் பை எப்போதும் பள்ளிக்கூடப் பிள்ளையின் பை போலப் பிதுங்கிக்கொண்டிருக்கும்.

முன்பு அவளுக்கு இங்கே ‘ஊசியக்கா’ என்று பேர். அவள் பேரில் ஒரு கதைப் புத்தகம் வந்த பிறகு ‘மகாராணி’.

பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் படிக்கிற புத்தகம் அது. கடலோரத்தில் ஒரு நாடு, குன்றுகளுக்கு மேல் ஒரு நாடு. இரண்டுக்கும் தலைமுறைப் பகை. சமாதானத்துக்கு அடையாளமாகக் குன்றநாட்டு இளவரசனைக் கடல்நாட்டு அரண்மனையில் பிணைக்கைதியாக வைத்திருக்கிறார்கள். அவனுக்கும் அந்த வீட்டு இளவரசிக்கும் கடிதப் போக்குவரத்து. ஒரு அத்தியாயம் அவள், ஒரு அத்தியாயம் அவன். இளவரசி அழகாகத்தான் பேசுவாள். ஆனால் பெண்கள் மயங்கியது அவனிடம். காதலைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டான். "உங்கள் கோட்டையில் எல்லாம் சௌக்கியம், இளவரசி. தலையணை மட்டும் என்மேல் போர் தொடுத்திருக்கிறது" என்று எழுதுவான். செருப்பு கடிக்கிறது என்று மூன்று கடிதம் எழுதுவான். நான்காவது கடிதத்தில், தோட்டத்தில் அவள் நடந்து போன தூரம் முழுக்கத் தானும் நடந்ததால் கடித்தது என்று தெரியவரும். முதல் பாகம், எல்லைக்கதவு மூடுவதோடு முடியும். அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், போர் வரப்போகிறது. நான் யார் பக்கம் நிற்பேன் என்று எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் குதிரை ஏறுவான்.

அந்தக் கடிதத்துக்காகத்தான் ஊர்ப்பட்ட பெண்கள் இரண்டாம் பாகத்தை எதிர்பார்த்துக் கிடந்தார்கள். அதை எழுதத்தான் இவளால் முடியவில்லை. ஏனென்றால் அவனை எழுதியவள் இவள் இல்லை.

அது எனக்குப் புத்தகம் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் தெரியும். சாப்பாட்டு வேளையில், டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு ஒரு தங்கை, நான்கு வயது சின்னவள். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே அறை. ஏதோ சண்டையில் நடுவே சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டார்கள். ஜன்னல் பக்கம் அக்காவின் நாடு, கதவுப் பக்கம் தங்கையின் நாடு. பேச்சு நின்றுபோனதால் கடிதம் ஆரம்பித்தது. சண்டை இரண்டு நாளில் தீர்ந்தது. கடிதம் இருபத்தைந்து வருடம் ஓடியது. இவள் இளவரசி, அவள் கைதி. கல்யாணமாகி வேறு வேறு வீட்டுக்குப் போன பிறகும், மளிகைச் சீட்டின் பின்னால் எழுதியாவது அவன் பதில் வந்துவிடும்.

புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பகத்தில் சொன்னபோது தங்கைக்கு ஏழாம் மாதம், எழுந்து நடக்கக்கூடாது என்று மருத்துவமனையில் படுக்க வைத்திருந்தார்கள். அட்டையில் இரண்டு பேர் இருந்தால் பிள்ளைகள் குழம்பும், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேச ஒரு முகம் போதும் என்றார் பதிப்பாசிரியர். இவள் போனில் கேட்டாள். "உன் பேரையே போட்டுக்கக்கா, நான் எங்க எழுந்து வரப்போறேன்" என்றாள் தங்கை. அதுவரை யார் மேலும் குற்றமில்லை.

குற்றம் ஒரே ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஒரு வார இதழில் பேட்டி எடுத்தார்கள். அந்த இளவரசனை எப்படிப் படைத்தீர்கள் என்று கேட்டதற்கு இவள், "அவன் தானா வந்தான்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "கேட்ட பொண்ணு சின்னப் பொண்ணு. ஆசையா வாயையே பார்த்துட்டிருந்தா. அதான் வந்துருச்சு" என்று என்னிடம் சொன்னாள். பேட்டி வந்த வாரம், அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டித் தங்கை தபாலில் அனுப்பியிருந்தாள். கூட ஒரு வரி கிடையாது. அதன் பிறகு போனும் இல்லை. இரண்டு வருடம். அம்மா மட்டும் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசி, ஒருத்தி சேதியை மற்றவளிடம் சொல்லாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இவள் அவனை எழுதிப் பார்த்தாள். பதினொரு முறை. லேபிள் தாளில் எழுதிக் குப்பைத்தொட்டியில் போட்டதை ஒருநாள் நான் எடுத்துப் படித்தேன். அவன் இளவரசியின் காலடியில் உயிரை வைப்பதாகச் சொல்லியிருந்தான். கை நடுங்காமல் ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு ஊசி போடுகிறவள், அந்த வாரம் ஒரு குழந்தையை இரண்டாவது முறை குத்திவிட்டுக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எங்கூட ஒரு இடத்துக்கு வரியா" என்றாள். என் ஸ்கூட்டரில்தான் போனோம். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த தங்கை, "வாக்கா" என்றாள். விருந்தாளிக்குப் போடுவதுபோல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கொடியிலிருந்து எடுத்த துணிகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. பேசிக்கொண்டே அவற்றை மடித்தாள். அந்த வீட்டில் எங்காவது எழுதுகிற தாள் தெரிகிறதா என்று என் கண் தேடியது. தெரியவில்லை.

இவள் கொண்டுபோன பக்கங்களை நீட்டினாள். தங்கை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள். அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நிமிர்ந்து, "இவனுக்கு எப்பக்கா செருப்பு கடிக்கறது நின்னுச்சு?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"நீ எழுதிக்குடு" என்றாள் இவள். "இந்தத் தடவை உன் பேரையும் போடச் சொல்றேன். முதல்லயே உன் பேரு."

"எழுதினதுக்குப் போடல. எழுதாததுக்கு எதுக்கு?"

"நீதானே போட்டுக்கச் சொன்ன?"

"பேரைப் போட்டுக்கச் சொன்னேன்." தங்கை ஒரு சின்னச் சட்டையை எடுத்து, கையை உள்ளே மடித்து, தடவி வைத்தாள். "அவன் தானா வந்தான்னு சொல்லச் சொல்லல. தானா வந்தவன்தானே அக்கா. கூப்பிட்டுப் பாரு, வருவான்."

குரல் உயரவே இல்லை. பக்கங்களை ஓரம் தட்டி, கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். இவள் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

ஹெல்மெட்டை மறந்து வைத்துவிட்டு வந்த நான் திரும்ப மேலே ஏறினேன். கதவு பாதி மூடியிருந்தது. தங்கை தாழ்ப்பாளில் கை வைத்தபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ரொம்ப இளைச்சுட்டா. ஒழுங்கா சாப்பிடறாளா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

இரண்டாம் பாகம் வராது என்று இவள் பதிப்பகத்துக்குப் போன் செய்தாள். அட்டைப்படம் தயார், தேதி அறிவித்தாகிவிட்டது, பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள் என்றார்கள். மூன்று மாதத்தில் எழுதிக் கொடுத்தாள். குன்றநாட்டு இளவரசன் தன் படையை விட்டு, தன் தம்பியை விட்டு, எல்லைக்கதவைத் தாண்டி இளவரசியிடம் வந்துவிட்டான். வந்து பக்கம் பக்கமாகப் பேசினான். கல்யாணமும் நடந்தது. நான் ஒரே மூச்சில் படித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "பொய் சொல்றப்போ உனக்கு மூக்கு விடைக்கும்" என்றாள்.

கடிதங்கள் வந்தன. பெண்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் ஒரே கேள்வி கேட்டிருந்தாள்: ‘போன புத்தகத்தில் இருந்தவர் எங்கே போனார்?’ அதற்குப் பிறகு ஊசி போடும்போது அவள் உதடுகள் அசையவில்லை. கோட்டுப் பை தட்டையாகிவிட்டது. காலைக் கூட்டத்தில் யார் கத்தினாலும், "சரிங்க" என்று மட்டும் சொல்வாள். லேபிள் தாள்களை எதுவும் எழுதாமல் அப்படியே தொட்டியில் போட்டாள்.

போன மாதம் நூலக மாடியில் வாசகிகளைச் சந்திக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வரமாட்டேன் என்றவளை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அந்தத் தவறு என்னுடையது. அறுபது பெண்கள் இருப்பார்கள். முன்வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தி எழுந்தாள். முதல் பாகத்தில் இளவரசர் பேசினால் சிரிப்பாக வரும், சிரித்து முடித்த பிறகு அழுகையாக வரும், இதில் ஏன் இரண்டுமே வரவில்லை என்று கேட்டாள். நூலகருக்கு முகம் சுருங்கிவிட்டது.

இவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள். "முதல் பாகத்துல அவன நான் எழுதல. என் தங்கச்சி எழுதினா. அவன் பேசற ஒவ்வொரு வார்த்தையும் அவளோடது."

இவள் தோள்கள் இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு நொடிதான். நூலகர் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். பார்த்தீர்களா பிள்ளைகளே, இவ்வளவு பேரும் புகழும் வந்த பிறகும் எவ்வளவு தன்னடக்கம், பாராட்டைக்கூடக் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கிறார் என்றார். பெண்கள் கைதட்டினார்கள். "இல்ல, நிஜமாவே" என்று இவள் சொன்னது மைக் இல்லாமல் எங்கேயும் போய்ச் சேரவில்லை. கைதட்டல் இன்னும் பலமாயிற்று. கேள்வி கேட்டவள்கூடச் சமாதானமாகிச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு கையெழுத்துக்கு வரிசை. மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் அவள் உட்கார்ந்தாள், மற்றதில் அவள் பை இருந்தது. முதல் பெண் புத்தகத்தைத் திறந்து நீட்டினாள். இவள் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது கனமான பை, குனிய விடவில்லை. அப்படியே எக்கி எக்கி அறுபது புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து நாற்காலியைக் காலியாக வைத்திருந்தாள். கால் வலிக்கிறது என்று நூலகர் அதில் உட்கார வந்தபோது, அதன் முதுகின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.