மூணு நாளு

கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதை நானே சொல்லிக்கொள்வது தற்பெருமைதான், இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தெலுங்கில்தான் படித்தேன். ஆனால் மனசுக்குள் எண்ணுவது எப்போதும் தமிழில். ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம் எங்களில் பலருக்கும் இப்படித்தான்.

ரேணிகுண்டா பக்கம் ஒரு சட்டைத் தையல் ஆலையில் ஆறு வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிசை மிஷின்களை மேற்பார்க்கும் லைன் லீடர் வேலை காலியாகும்போதெல்லாம் டிப்ளமோ படித்தவர்களே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேலை பழக்கியது பத்தாவது படித்த நான். இந்த முறை விடுவதாக இல்லை. மனு கொடுத்தேன், மேனேஜர் கூப்பிட்டார்.

அவர் தெலுங்குக்காரர், தமிழ் அரைகுறை. தெலுங்கில் கேட்டார்: நாலு மிஷினில் ஒரு ஆர்டர் ஆறு நாளில் முடிகிறது, எட்டு மிஷின் போட்டால் எத்தனை நாள்?

அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது. “மூணு நாளு சார்.”

அவர் முகத்தைச் சுளித்தார். “மூணா, நாலா? ஏதோ ஒகட்டி செப்பம்மா. குத்துமதிப்பா சொன்னா லைன் நடக்குமா?”

நான் சொன்னது நாள், அவர் காதில் விழுந்தது நாலு. ‘ள’வுக்கு நாக்கை மடக்க எங்கள் ஊரில் யாருக்குப் பொறுமை? தப்பு என் நாக்கினுடையதுதான். ஆனாலும் அந்தக் ‘குத்துமதிப்பு’ சுருக்கென்று தைத்தது. ஆறு வருடத்தில் ஒரு காலரைக்கூடக் குத்துமதிப்பாக வைத்ததில்லை நான்.

மேஜைமேல் இருந்த காகிதத்தை இழுத்து, தெலுங்கிலேயே விளக்கினேன். ஒரே மிஷின் என்றால் இருபத்துநாலு நாள் வேலை. அதை எட்டு மிஷினுக்குப் பங்கு போட்டால் மூடு ரோஜுலு. மூன்று விரலை நீட்டியும் காட்டினேன்.

அவர் விடவில்லை. “சரே. எட்டு மிஷின் ஒரு ரோஜு ஓடிச்சு. மறுநாள் நாலு மிஷின் ரிப்பேரு. மிச்ச வேலைக்கு இங்கா எத்தனை ரோஜு?”

முதல் நாளில் எட்டுப் பங்கு தீர்ந்தது, மீதி பதினாறு நாலு மிஷினுக்கு. காகிதம் தேவைப்படவில்லை. “நாலுகு ரோஜுலு சார்,” என்றேன், வாயை ஜாக்கிரதையாகத் திறந்து.

“அப்போ மொத்தம் அஞ்சு ரோஜு. ரெண்டு ரோஜு லேட்டு. ஆர்டர் குடுத்த பார்ட்டிக்கு ஏமி செப்தாவு?”

கணக்கில் மடக்க முடியாமல் இதில் மடக்கப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம்.

“ஒண்ணியும் சொல்ல வேணாம் சார். என் லைன்ல நாலு மிஷின் கெட்டுப் போற வரிக்கும் நான் வேடிக்கை பாத்துக்கினு இருக்க மாட்டேன்.”

தமிழில்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, என் மனுவில் கையெழுத்துப் போட்டார்.