மாட்டைக் கொடுத்து வாங்கிய சங்கிலி வண்டி

தாமல் ஏரிக்கரையை உயர்த்த வந்த காண்டிராக்டர், வேலை முடிந்ததும் சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். பழுதாகி நின்ற சங்கிலி வண்டியை மட்டும் விட்டுவிட்டார். டயருக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் ஊர்கிற, முன்னால் மண் அள்ளும் பெரிய பக்கெட் வைத்த லோடர் அது. மூன்று மழைக்காலம் நனைந்து கிடந்தது. அதைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் நிலத்தில் பாதி மேடு. ஏரி நிறைந்து வழிந்தாலும் அதில் தண்ணீர் ஏறாது. வண்டி ஓடினால் மேட்டைச் சமப்படுத்தலாம், வாடகைக்கும் விடலாம். ஆனால் வாங்குவதற்கு எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு ஜோடி உழவு மாடுதான்.

காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி போட்டிருந்த பெரிய மாமா, இதற்கென்றே பஸ் ஏறி வந்து சிரித்தார்.

"ஓடாத தறியக்கூட எவனும் வாங்க மாட்டான் மாப்ள. நீ மாட்ட குடுத்து துருவ வாங்கறியே!"

அம்மா தன் அண்ணனோடு சேர்ந்து சிரிக்கவில்லை. "மொதல்ல மெக்கானிக் பாய இட்டாந்து காட்டுங்க" என்றாள்.

பாய் வந்தார். காலை முழுக்க வண்டிக்கடியில் படுத்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார். இஞ்சினில் கடப்பாரை கொடுத்து நெம்பினார். அசையவில்லை.

"சங்கிலி நல்லா இருக்குதுபா. இஞ்சின்தான் புடிச்சிக்கினு கீது. எண்ணெ ஊத்தி எட்டு நாள் ஊறவிட்டா விடலாம். விடாமலும் போவலாம்."

எட்டு நாளெல்லாம் பொறுக்க முடியாது, இன்றே சொல்ல வேண்டும் என்றார் காண்டிராக்டர். அம்மாதான் கேட்டாள்.

"பாய், உங்க வூட்டு மாடா இருந்தா குடுப்பீங்களா?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "குடுப்பேம்மா."

அம்மா வீட்டுக்கு நடந்தாள். மாடுகளை அவிழ்த்து வந்து கயிற்றை அப்பா கையில் கொடுத்தாள். பாய் அன்றே இஞ்சினில் எண்ணெய் ஊற்றினார்.

மறுநாளிலிருந்து நாங்கள் ஊருக்கே வேடிக்கை. அம்மா தினமும் கரைக்குப் போய் வந்தாள்.

எட்டாம் நாள் அப்பாவும் பாயும் கடப்பாரையில் தொங்கினார்கள். ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி நெம்ப, முழுச் சுற்று வந்தது. பாய் லாரி பேட்டரிகளை இணைத்தார். இருமி, கனைத்து, கரும்புகையைக் கக்கிக்கொண்டு இஞ்சின் ஓடத் தொடங்கியது. கரையிலிருந்த கூட்டம் விசிலடித்தது. பெரிய மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான்தான் வாங்கச் சொன்னவர் போல வழிவிடச் சொல்லிக் கத்தினார். அடுத்த மாதமே மேட்டைச் சமப்படுத்தி நாற்று நட்டோம்.

இஞ்சின் ஓடிய அன்றே அப்பா அம்மாவையும் என்னையும் பக்கெட்டில் உட்காரவைத்து மெல்ல உயர்த்தினார். மேலேயிருந்து ஏரி முழுதும் தெரிந்தது. நான் கைதட்டினேன். அம்மாவோ என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"பயப்படாதம்மா, நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றேன்.

அவள் பயந்ததெல்லாம் அதற்கு முந்தின எட்டு நாட்களில் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.